நிறைநாழியின் மூன்றாம் சுற்று

தொண்டாமுத்தூர்
9-9-2024

உஸ்மா அம்மணிக்கு, ராசாத்தாள் சொல்லச் சொல்லப் பேத்தி லோகப்பிரியா எழுதுவது.

அன்றைக்கு எங்கள் வீட்டு ஆசாரத்தில், அந்த முன்கூடத்தில், யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதச் சொல்லியிருக்கிறேன். நான் அங்கே இல்லை என்று பின்னால் யாரும் சொல்லக்கூடாது. கட்டிலில் நான். சுவரோரம் நாற்காலியில் என் வீட்டுக்காரர். அவர் பெயரை நான் சொல்லமாட்டேன், இவளே எழுதிக்கொள்வாள்: அங்கப்பன். வாசற்படியில், செருப்பைக்கூடக் கழற்றாமல், மகன் சென்னியப்பன். சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு மருமகள் கலாமணி. எனக்கு எதிரே, ஆரஞ்சுப் பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு, நாத்தனார் சாமியாத்தாள். மாடிப்படியில் லோகப்பிரியா. அப்புறம் நீ, என் கைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவள். ஆக ஏழு பேர்.

ஆவணி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. நீ என் இடது கைக்குப் பஞ்சு வைத்துத் தைத்த உறையை மாட்டி, மணிக்கட்டில் கட்டிவிட்டிருந்தாய். நான் வலது கையால் தக்காளிச் சோறு தின்றுகொண்டிருந்தேன். தின்றது பாதி, மடியில் விழுந்தது பாதி. அதைப் பார்த்துத்தான் சாமியாத்தாள் சொன்னாள்: "ஏங்கண்ணு சென்னியப்பா, பால் கறக்கறப்ப மாட்டுக்குக் காலக் கட்டற மாதிரி உங்கம்மா கையக் கட்டிப்போட்டிருக்குதே இந்தப் புள்ள. நாளைக்கு ஊருக்குள்ள என்ன பேசுவாங்க?"

சென்னியப்பன் உன் முகத்தைப் பார்க்காமல், "நாளையிலருந்து வர வேண்டாமுங்க" என்றான். கலாமணி வந்து உறையை அவிழ்த்தாள். தட்டை வாங்கி எனக்கு ஊட்டினாள். நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். உனக்குப் போட்ட டீ ஆடை கட்டிக் கிடந்தது.

எனக்கு ஆனி இருபதாம் தேதி விடிகாலையில் வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். பேச்சு வந்துவிட்டது. கால் வந்துவிட்டது. கையை மட்டும் நீ கொண்டுவருவேன் என்றாய். கோட்டைமேட்டிலிருந்து வாரத்துக்கு மூன்று தடவை வண்டியில் வந்தாய். போகச் சொன்னவன் என் மகன், நான் இல்லை. நீ எப்படிப் போகலாம்?

தை இருபதாம் தேதி லோகப்பிரியாவுக்குக் கல்யாணம். நாழி நிறைய நெல் போட்டு, நடுவே நூல் சுற்றிய ராட்டைக் கதிரைக் குத்தி, பெண் மாப்பிள்ளை தலையை மூன்று சுற்று சுற்ற வேண்டும். நிறைநாழி என்பது அதுதான். ஐம்பத்திரண்டு கல்யாணத்தில் நான் சுற்றியிருக்கிறேன். ஒரு நெல் கீழே விழுந்ததில்லை. இடது கையால் சுற்றுவது கிடையாது. என் கை வராவிட்டால் என் பேத்திக்குச் சாமியாத்தாள் சுற்றுவாள்.

அதற்கு முன்னால் நீ வந்து சேர்.

*

ஈரோடு
16-9-2024

பாட்டிம்மாவுக்கு உஸ்மா எழுதுவது.

நான் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அந்த உத்தரவு அன்றைக்கே என் பையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமாவது வந்து போகிறேன் என்று சொல்லத்தான் அன்று வந்தேன். சொல்வதற்கு இடம் வரவில்லை.

ஏழு பேரும் சரிதான். சாமியாத்தாள் அம்மா பேசியது, உங்கள் மகன் பேசியது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் என்ன பேசினீர்கள் என்பது மட்டும் விட்டுப்போயிருக்கிறது. நானே சொல்கிறேன். ஒன்றும் பேசவில்லை.

முதல் நாள் ஒரு தாளில் எழுதிப் படித்துக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? பகலில் ஆறு மணி நேரம் இடது கையில் உறை. நடக்கும்போதும், குளியலறைக்குப் போகும்போதும், சூடான பாத்திரம் பக்கத்தில் இருக்கும்போதும் மட்டும் கழற்றலாம். அதைக் கேட்டுவிட்டு, "நானே அழுது கேட்டாலும் கழற்றாதே" என்றவர் நீங்கள். கலாமணி அக்கா வந்து அவிழ்த்தபோது நீங்கள் வாயைத் திறந்தீர்கள். சோறு வாங்குவதற்கு.

உங்கள் மணிக்கட்டும் இரண்டு விரலும் தாமாக அசைந்ததால்தான் இந்த முறைக்கே வந்தேன். எல்லாருக்கும் இது பொருந்தாது. அந்தக் கை செத்துப்போன கை இல்லை. நாலு தடவை முயன்று தோற்றதும் நீங்கள் அதை விட்டுவிட்டீர்கள், இடது கை எல்லாவற்றையும் எடுத்துச் செய்கிறது. இப்படியே போனால் வலது பக்கம் ஒரு கை இருப்பதையே மூளை மறந்துவிடும். உறை போடுவது உங்களைத் தண்டிக்க அல்ல, இடது கையைக் கொஞ்சம் உட்கார வைக்க.

லோகப்பிரியா கையெழுத்தில் வரும் கடிதத்துக்கு இதுதான் கடைசிப் பதில். அடுத்தது உங்கள் வலது கையால் வந்தால் படிப்பேன். மூன்றாம் வகுப்பு வரை எழுதிய கைதானே அது. போனும் வேண்டாம். உங்கள் வாய் நன்றாகத்தான் இருக்கிறது.

*

தொண்டாமுத்தூர்
2-10-2024

உஸ்மா

இது என் கை.
நாலு நாள் ஆனது.
இன்று ஊட்ட விடவில்லை.
பேனா விழுகிறது.

ராசாத்தாள்

*

ஈரோடு
8-10-2024

பாட்டிம்மாவுக்கு,

கடிதத்தை என் மேசை மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். பாராட்டுவதற்காக இல்லை, பார்ப்பதற்காக.

ஒவ்வொரு வரியிலும் முதல் சொல் நேராக நிற்கிறது. கடைசிச் சொல் கீழே இறங்குகிறது. விரல் தோற்கவில்லை, தோள் சோர்கிறது. எழுதும்போது முழங்கை மேசையில் இருக்கட்டும். காகிதத்தை இடது பக்கமாக நகர்த்திக்கொண்டே போங்கள். பேனாவில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்குங்கள், விழாது.

காலையில் மேசை மேல் ஒரு துண்டை விரித்து, அதன் மேல் கையை வைத்து முன்னால் தள்ளி இழுப்பது இருபது தடவை. பிறகு கண்ணாடி. நான் விட்டுவந்த கண்ணாடியை இரண்டு கைக்கும் நடுவே நிறுத்துங்கள். உறை இல்லாத நேரத்தில் செய்ய வேண்டியது இது. இடது கையை விரித்து மூடி, கண்ணாடிக்குள் தெரிகிற கையையே பாருங்கள், பின்னால் இருக்கும் வலது கையையும் அதேபோல் முயலச் சொல்லுங்கள். பிறகு உறை. பிறகு நாழி. நாழியைக் காலியாக மேசையிலிருந்து எடுத்து, மார்பு உயரத்துக்குக் கொண்டுபோய், திரும்ப வையுங்கள். அது பத்துத் தடவை சுலபமான பிறகு கால் பங்கு நெல். அவசரப்பட்டு நிரப்ப வேண்டாம்.

இரண்டு விஷயம் வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். உங்களை எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும். இடுப்பைப் பிடிக்கட்டும். இன்னொன்று, நாழியை எடுக்கும்போது உங்கள் முழங்கைக்குக் கீழே யார் கை வந்தாலும் அந்தத் தடவை சேராது. என் கை வந்தாலும் சேராது.

உஸ்மா

*

தொண்டாமுத்தூர்
17-11-2024

உஸ்மா அம்மணிக்கு,

இதை ஒன்பது நாளாக எழுதுகிறேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஓடுகிறது. எழுத்துப் பிழை இருந்தால் மூன்றாம் வகுப்பு வாத்தியாரைக் கேள்.

நீ சொன்னது எல்லாம் சரி, உறையை யார் கட்டுவது என்று சொல்லவில்லை. வலது கையால் இடது கைக்கு முடிச்சுப் போட முடிந்தால் எனக்கு நீ எதற்கு? கலாமணியிடம் கேட்டேன். "பாக்கறவங்க என்னையத்தான் சொல்லுவாங்கத்தே, மாமியா கையக் கட்டிப்போட்டுச் சோறு போடறான்னு" என்று அழுதாள். அவள் அழுகையில் பொய் இல்லை. என்னை உட்கார வைத்து ஊட்டுவதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, அதுதான் குறை. மகனிடம் கேட்கவில்லை. கேட்கமாட்டேன்.

இரண்டு நாள் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் எழுந்து வந்து கட்டினார். கன்றுக்குட்டிக்குப் போடுகிற முடிச்சு. ஐம்பத்தொரு வருசத்தில் என் கையை அவர் பிடித்துப் பார்த்தது தாலி கட்டிய அன்றும் ஆஸ்பத்திரியிலும்தான். இப்போது தினமும் காலை எட்டு மணிக்குக் கட்டுகிறார், இரண்டு மணிக்கு அவிழ்க்கிறார்.

ஐப்பசி கடைசியில் சாமியாத்தாள் வந்தாள். நான் நாழியோடு உட்கார்ந்திருந்தேன். கட்டைப் பார்த்து அண்ணனிடம் போய் நின்றாள். அவர் தங்கச்சியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவ கைய நாந்தாங் கட்டினேன். அவுக்கறதும் நாந்தான் அவுப்பேன்" என்றார். அவள் என்னிடம் வந்து, "நீங்க எதுக்குங்க நங்கையா இத்தன செரமப்படறீங்க, நானே சுத்திப்போடறேன்" என்றாள். தேன் மாதிரிச் சொன்னாள். என் கல்யாணப் பந்தியில், "பொண்ணு கை என்ன இப்பிடிக் கறுப்பா இருக்குது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னவள் இவள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. வயதைச் சொல்லித் தப்பிக்க முடியுமா?

கண்ணாடியைப் பற்றி. அதில் பார்த்தால் இரண்டு கையும் சமமாக ஓடுகிறது. கண்ணாடியை எடுத்தால் ஒன்று படுத்துக்கொள்கிறது. பொய் சொல்லிப் பழக்குகிறாய். ஆனால் போன வாரம் நடுவிரல் கூட ஓடியது. பொய்யில் ஓடியதா நிசத்தில் ஓடியதா என்று தெரியாமல் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். ஓடியது.

செவ்வாய்க்கிழமை விடிந்த நேரத்தில் தோப்புக்குள் யானை இறங்கிவிட்டது. வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் பின்பக்கம் ஓடினார்கள். என் காப்பி டம்ளர் மேசையில் இருந்தது. ஆறியிருந்தது. அவர் இன்னும் உறையைக் கட்டவில்லை, இடது கை சும்மாதான் இருந்தது. நான் வலது கையால் எடுத்துக் குடித்தேன். ஏழு தென்னங்கன்று போய்விட்டது என்று வந்து சொன்னார்கள். நான் காப்பி குடித்ததை யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன்.

நாழியில் கால் பங்கு நெல் போட்டாயிற்று.

ராசாத்தாள்

*

ஈரோடு
25-11-2024

பாட்டிம்மாவுக்கு,

உறை கட்டாதபோது, யாரும் பார்க்காத நேரத்தில், இடது கை சும்மா இருக்கும்போது வலது கை போனது. நாழியைவிட அது பெரிய செய்தி. அதை நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

வரிகள் இப்போது ஐந்தாம் சொல்லில்தான் இறங்குகின்றன. அரைப் பங்குக்குப் போகலாம்.

கலாமணி அக்காவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் மேல் கோபம் வைக்க வேண்டாம். எனக்குப் பதினாறு வயதில் எங்கள் நன்னிமாவுக்கு, ரம்ஜான் பீவி என்று பெயர், இதே மாதிரி வலது பக்கம் விழுந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான்தான் ஊட்டுவேன். தலை வாரிவிடுவேன், ஓதி உருட்டுகிற தஸ்பீஹ் மணியைக்கூட விரலுக்குப் பக்கத்தில் நானே உருட்டிவிடுவேன். இரண்டு வருசம். தெருவில் எல்லாரும் இப்படி ஒரு பேத்தி யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். நன்னிமாவின் விரல் நான்கு முதலில் நன்றாக அசைந்தது. எனக்கு நினைவிருக்கிறது. கடைசியில் உள்ளங்கை மூடிக்கொண்டது. அவர் இறந்து மய்யித்தைக் குளிப்பாட்டும்போது என் உம்மா அந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத் துடைத்தார்.

இந்தப் படிப்பைப் படித்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கையை மூடி வைத்தவள் நான் என்று. அதனால்தான் உங்கள் வீட்டில் அன்று ஒரு வார்த்தை பேசாமல் போனேன். கலாமணி அக்கா ஊட்டிய விதம் எனக்குத் தெரிந்த விதம்.

உஸ்மா

*

தொண்டாமுத்தூர்
5-1-2025

உஸ்மா அம்மணிக்கு,

இத்துடன் கல்யாணப் பத்திரிகை வைத்திருக்கிறேன். தபால் உறையின் மேல் உன் விலாசம் நான் எழுதியது.

உன் நன்னிமா சமாச்சாரம் படித்தேன். கலாமணியைக் கூப்பிட்டுப் படிக்கக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். நான் தின்று முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது, அவள் சமையல்கட்டிலேயே நிற்கிறாள். வந்து பார்ப்பதில்லை. அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

நாழி நிறைந்துவிட்டது. முதல் சுற்று சிந்துவதில்லை. இரண்டாவதில் கை நடுங்குகிறது. மூன்றாவதில் நேற்று ஆறு நெல், இன்று இரண்டு. சென்னியப்பன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். சிந்திய இரண்டையும் பொறுக்கிக் கொண்டுவந்து நாழியில் போட்டான். "நானே போயி அந்தப் புள்ளையக் கூட்டியாரனுங்கம்மா" என்றான். ஈரோட்டுக்குக் காரில் வருவான். ஏறிக்கொள்.

வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நில். நீ எழுதிய விதி உனக்கும்தான்.

ராசாத்தாள்

*

ஈரோடு
9-2-2025

பாட்டிம்மாவுக்கு,

கல்யாணம் முடிந்து ஒரு வாரமாகிறது. மண்டபத்தில் நீங்கள் என்னோடு பேசவில்லை. போகும்போது சொல்லிக்கொள்ள வந்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். சாப்பாட்டுக் கூட்டத்தில் உங்கள் மகன்தான் என்னைத் தேடிப்பிடித்து, அன்றைக்கு அப்படிச் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முதல் சுற்றில் நான் துப்பட்டாவை முறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவதில் உங்கள் தோள் கொஞ்சம் இறங்கியது. நீங்களே ஏற்றிக்கொண்டீர்கள். மூன்றாவதில், மாப்பிள்ளை தலைக்குப் பின்னால் நாழி வரும்போது, முழங்கை நின்றுவிட்டது. ஒரு மூச்சு நேரம். அதற்குள் என் கை உங்கள் முழங்கைக்குக் கீழே இருந்தது. அனுப்பியது நான் என்று சொல்ல முடியாது. இல்லை, நான்தான்.

விழுந்திருக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் உள்ளங்கையில் பாரம் ஏறியதாக நினைவில்லை.

ஒரு நெல்லும் கீழே விழவில்லை. எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள்.

உஸ்மா

*

தொண்டாமுத்தூர்
23-2-2025

உஸ்மாவுக்கு,

இதை மூன்றே நாளில் எழுதினேன்.

கல்யாண வீடியோ வந்துவிட்டது. அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. நாழி வருகிறது. மாப்பிள்ளை தலைப்பாகைக்குப் பின்னால் போகிறது. பச்சைத் துணி ஒன்று குறுக்கே வருகிறது. அது உன் கை. அதற்குப் பிறகு நாழி தெரிகிறது. நடுவில் என் முழங்கை என்ன செய்தது என்று வீடியோவிலும் இல்லை.

பாரம் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறாய். பாரம் இல்லாத இடத்தில் கையை எதற்கு வைத்தாய்?

முழங்கை நின்றது உண்மை. வீட்டில் செய்து பார்க்கும்போதும் அந்த இடத்தில் நிற்கும். நின்று, தோளைப் பின்னால் வாங்கினால், மறுபடி ஓடும். மார்கழி முழுக்க அப்படித்தான் ஓட்டினேன். நீ ஈரோட்டில் இருந்ததால் பார்க்கவில்லை. அன்றைக்கும் தோளை வாங்கப்போனேன், உன் கை வந்துவிட்டது. ஓடியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு நெல் சிந்தியிருக்கலாம், நாழியே விழுந்திருக்கலாம், மண்டபம் முழுக்க நெல் உருண்டிருக்கலாம். அது என் கை போட்ட நெல்லாக இருந்திருக்கும். இரண்டு சுற்று என்னுடையது. மூன்றாவது யாருடையது என்று இனி எந்தக் காலத்திலும் தெரியாது.

உன் நன்னிமாவுக்குச் செய்ய முடியாததை எனக்குச் செய்தாய் என்று லோகப்பிரியா சொல்கிறாள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போன பிறகு அவளுக்கு வாய் நீண்டிருக்கிறது. நன்னிமாவுக்குச் செய்ததையேதான் எனக்கும் செய்தாய் என்று நான் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

சாமியாத்தாள் வந்திருந்தாள். வைகாசியில் அவள் பேரன் ரித்விக்குக் கல்யாணம். ஆரஞ்சுப் பழம் கொண்டுவரவில்லை, வெறுங்கையோடு வந்து, "நங்கையா, எம்பேரனுக்கு நீங்கதா சுத்தோணும்" என்றாள். ஐம்பத்தொரு வருசமாக வைத்திருந்த பந்திப் பேச்சை அன்றைக்கு விட்டேன். என் கை கறுப்புத்தான்.

சென்னியப்பன் நெல்லைப் பொறுக்கியபோதே அவனை விட்டாயிற்று. கலாமணி இப்போது என்னோடு உட்கார்ந்து, தன் தட்டில் தான் சாப்பிடுகிறாள். என் வீட்டுக்காரர் மேல் எனக்கு என்ன இருக்கிறது, முடிச்சு இறுக்கம் என்பதைத் தவிர. லோகப்பிரியா போனை வைத்ததைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு உறையை அவிழ்க்கும்போது வாயைத் திறந்து சோறு வாங்கினாளே ஒருத்தி, கட்டிலில் இருந்தவள், அவளையும் விட்டுவிட்டேன். அவளை விடத்தான் நாள் பிடித்தது.

இத்துடன் அந்த உறையை அனுப்புகிறேன். துவைத்துக் காயவைத்தது. எனக்கு இனி வேண்டியதில்லை. வைகாசி ஏழாம் தேதி சென்னியப்பன் கார் கொண்டுவருவான். நீ இதை மாட்டிக்கொண்டு வா. இன்னொரு கைக்கும் ஒன்று தைத்து வை. முடிச்சு என் வீட்டுக்காரர் போடுவார்.

ஆசாரத்தில் அன்றைக்கு ஏழு பேர் இருந்தோம். ஆறு பேரை விட்டுவிட்டேன். மன்னிக்காமல் வைத்திருப்பது ஒருத்தியை மட்டும்தான். பெயரை எழுத இந்தக் கைக்கு இப்போது ஒரு சிரமமும் இல்லை, கடைசி எழுத்துக்கூடக் கீழே இறங்காது, பார்த்துக்கொள்.

உஸ்மா.